கல்லூரி மகளிர் சாக்கர்: பெரிய அணிகளின் தைரியம் ரேங்க் பட்டியலில் இருந்தா வருகிறது?

மாரிஸ்வில் அம்மா எழுதியது:

வணக்கம். ராலே, கேரி பக்கம் இருக்கும் பெற்றோர்கள், சாக்கர் (கால்பந்து) தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

என் மகளுக்கு 14 வயது. கிளப் டீமில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. இந்த சீசனில் புது கோச் வந்திருக்கிறார். ஒவ்வொரு ப்ராக்டிஸிலும் எல்லாருக்கும் பாயிண்ட் போட்டு, வியாழன் ராத்திரி ரேங்க் பட்டியலை டீம் ஆப்பில் ஏற்றுகிறார். ஒருவருக்கு ஒருவர் மோதியதில் யார் ஜெயித்தது, ஓட்டத்தில் யார் எத்தனையாவது, ஷூட்டிங்கில் எத்தனை உள்ளே போனது, எல்லாம் அதில் இருக்கும். 19 பேரில் இவள் 16.

பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "இது கரோலினா முறை. யுஎன்சி (நார்த் கரோலினா பல்கலைக்கழகம்) பெண்கள் அணி 22 தடவை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் சாம்பியன் ஆனது இதனால்தான். அவர்களோடு ஆட வருகிற டீம் பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே பாதி தோற்றிருக்கும்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மகள் வியாழக்கிழமை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள். பலமான டீமோடு மேட்ச் என்றால் காரில் போகும்போதே எத்தனை கோலில் தோற்போம் என்று கணக்குப் போடுகிறாள். முன்பு இப்படி இல்லை.

என் கணவர், "நாமெல்லாம் ரேங்க் கார்டு வாங்கித்தானே வளர்ந்தோம், என்ன கெட்டுப்போய்விட்டோம்" என்கிறார்.

கேட்க நினைப்பது இதுதான். அந்தப் பெரிய அணிகளுக்கு உண்மையிலேயே மனதளவில் ஒரு பலம் இருக்கிறதா, இல்லை நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் அங்கே போவதால் ஜெயிக்கிறார்களா? இருக்கிறது என்றால் இந்தப் பட்டியல்தான் காரணமா? கோச்சிடம் நான் பேசலாமா, சும்மா இருப்பது நல்லதா?

*

கணக்குப்புலி எழுதியது:

மனபலம் எல்லாம் ஜெயித்த பிறகு டிவிக்காரர்கள் ஒட்டுகிற லேபிள்.

யுஎன்சி பெண்கள் அணியை ஆரம்பித்தது 1979-ல். அப்போது பெரும்பாலான கல்லூரிகளில் பெண்களுக்கு சாக்கர் அணியே கிடையாது. என்சிஏஏ முதன்முதலில் பெண்களுக்குப் போட்டி நடத்திய 1982-ல் கலந்துகொண்டது 12 அணிகள். இன்றைக்கு 64. 1982 முதல் 1994 வரை 13 பட்டங்களில் 12 யுஎன்சிக்கு. கடையை முதலில் திறந்தவனுக்கு வியாபாரம் நடந்தது, அவ்வளவுதான்.

மற்ற கல்லூரிகளும் பணம் போட்டு, ஸ்காலர்ஷிப் கொடுத்து அணி கட்டிய பிறகு பாருங்கள். 2012-ல் ஜெயித்தவர்கள் அடுத்து ஜெயித்தது 2024-ல். நடுவில் 11 சீசன் ஒன்றும் இல்லை. அதே கோச், அதே முறை, அதே பட்டியல். 2021-ல் முதல் சுற்றிலேயே சவுத் அலபாமாவிடம் சொந்த ஊரில் 0-1 என்று தோற்றுப்போனார்கள். மனபலம் அந்த 11 வருஷம் லீவில் போயிருந்ததா?

உங்கள் பெண்ணை ஆட விடுங்கள். பட்டியலைப் பார்க்காதீர்கள்.

*

கிளிப்போர்டு எழுதியது:

கணக்குப்புலி சொன்னதில் பாதிக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். மீதிப் பாதி நான் கிட்ட இருந்து பார்த்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஆட்டக்காரி இல்லை. ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்க இங்கே வந்தவள். கைச்செலவுக்காகக் கல்லூரியின் பெண்கள் சாக்கர் அணியில் மாணவர் மேனேஜராகச் சேர்ந்தேன். டிவிஷன் ஒன், அதாவது மேல்மட்டப் பிரிவு அணிதான், ஆனால் டிசம்பரில் டிவியில் ஃபைனல் ஆடுகிற அணி இல்லை. கல்லூரிப் பெயர் வேண்டாம். பந்துக்குக் காற்றடிப்பது, கோன் வைப்பது, பிப் (ப்ராக்டிஸில் சட்டைக்கு மேல் போடுகிற கலர் பனியன்) துவைப்பது, இதுதான் வேலை. அப்புறம் எங்கள் கோச்சும் ஒரு வருஷம் இதே கரோலினா முறையைக் கொண்டுவந்தார். கிளிப்போர்டு என் கைக்கு வந்தது. கூடவே பென்சில். மழையில் பேனா எழுதாது.

முறை எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யுஎன்சி கோச் ஆன்சன் டாரன்ஸ் அதே கல்லூரியின் பாஸ்கெட்பால் கோச் டீன் ஸ்மித்தின் ப்ராக்டிஸைப் பார்க்கப் போனார். அங்கே மேனேஜர்கள் பக்கத்தில் நின்று நடப்பதையெல்லாம் குறித்துக்கொண்டே இருந்தார்கள். அதைத் தன் பெண்கள் அணிக்கு எடுத்துக்கொண்டார். ஒருவருக்கு ஒருவர் மோதுவது, ஹெடர், ஷூட்டிங், ஓட்டம், சின்ன சின்ன மேட்ச், எதுவானாலும் ஜெயித்தவர், தோற்றவர் என்று பதிவாகும். பட்டியல் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டப்படும். காம்பெடிடிவ் கால்ட்ரன் (போட்டிக் கொப்பரை) என்று அதற்குப் பெயர். உங்கள் கோச் சொல்வது இதைத்தான்.

ஆனால் பட்டியல் அந்த ஏற்பாட்டில் ஒரு துண்டு மட்டுமே. அங்கே சீசன் முடிவில் ஆட்டக்காரர்களே ஒருவரையொருவர் மதிப்பிட்டு எழுதித் தருவார்கள். அணியின் கொள்கைகளை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும், புலம்பக் கூடாது என்பது அதில் முதலாவது. இதை நான் பெரிதாகக் கொண்டாட மாட்டேன், பள்ளிக்கூட வாசனை கொஞ்சம் தூக்கல். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த ப்ராக்டிஸில் யார் யாரோடு மோதினார்கள் என்பது.

மியா ஹாமும் கிறிஸ்டின் லில்லியும் 1989-ல் ஒரே வருஷம் அந்த அணியில் சேர்ந்தவர்கள். 1991-ல் டாரன்ஸே பயிற்சியாளராக இருந்து அமெரிக்கா முதல் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்தபோது அந்த அணியில் ஏறக்குறைய பாதிப் பேர் கரோலினாக்காரர்கள். கார்லா ஓவர்பெக் 1986 முதல் 1989 வரை நான்கு வருஷம் ஆடி, கல்லூரி மேட்ச் ஒன்றில்கூடத் தோற்காமல் படிப்பை முடித்தார். சில டிரா உண்டு, தோல்வி கிடையாது. இப்படி ஒரு ஆள் தோல்வியை எங்கே பார்த்திருப்பார்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தன் டீம்மேட்டிடம். வேறு வழியே இல்லை. வாரத்தில் நான்கு நாள் உலகத் தரத்து ஆளிடம் பந்தைப் பறிகொடுத்து, பெயர் பட்டியலில் இறங்கி, மறுநாள் காலை அதே ஆளோடு காபி குடித்தவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை வருகிற எதிரணி ஒரு பொருட்டாகவே தெரியாது. ஒரு கோல் பின்தங்கினாலும் முகம் மாறாது. பின்தங்குவது அவளுக்குப் பழகிய இடம்.

என்னைக் கேட்டால் மனபலம் என்று வெளியே தெரிவதில் பெரும்பகுதி இந்தப் பழக்கம்தான். லாக்கர் ரூம் பேச்சில் எல்லாம் இது வராது.

இப்போது எங்கள் கதை. எங்கள் கோச் எடுத்துக்கொண்டது பட்டியலை மட்டும். எங்கள் அணியில் நல்ல ஆட்டக்காரிகள் நான்கு பேர். மற்றவர்கள் சுமார். முதல் வாரம் என் தாளில் மேலே இருந்த நான்கு பெயர்தான் சீசன் முழுக்க மேலே இருந்தது. ஒவ்வொரு டிரில் முடிந்ததும் பெண்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் பக்கம் வருவார்கள். நான் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். அவர்களுக்கோ தாளைத் தலைகீழாகவே வாசிக்கப் பழகிவிட்டது. மேலே இருக்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். கீழே இருக்கிறவர்கள் கொஞ்ச நாளில் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். உங்கள் மகள் போனைக் கவிழ்த்து வைக்கிறாள் என்று படித்ததும் எனக்கு அந்தத் தண்ணீர் கேன் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

விளைவு என்ன? மேலே இருந்த நான்கு பேரும் ப்ராக்டிஸில் தோற்றதே இல்லை. அதனால் மேட்சில் தோற்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கீழே இருந்தவர்கள் தோற்று மட்டுமே பழகினார்கள். அதே தாள், அதே பென்சில், பலன் நேர் எதிர்.

ஒரு மேட்ச் சொல்கிறேன். தரவரிசையில் மேலே இருந்த ஒரு அணியின் ஊருக்குப் போயிருந்தோம். வார்ம்-அப்பில் அவர்கள் இரண்டு இரண்டு பேராகப் பந்துக்கு மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இடித்ததில் இன்னொருத்தி புல்லில் உருண்டாள். இடித்தவள் கைகொடுக்க நிற்கவில்லை, அடுத்த பந்துக்கு ஓடிவிட்டாள். விழுந்தவளும் அதைக் கண்டுகொள்ளாமல் எழுந்து பின்னாலேயே ஓடினாள். எங்கள் பெண்கள் காலை நீட்டி ஸ்ட்ரெச் பண்ணிக்கொண்டே இதைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை.

எங்கள் சென்டர் பேக் நிதானமானவள். ப்ராக்டிஸில் பத்தடி தூரத்தில் இருக்கிற மிட்ஃபீல்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் கொடுப்பாள். அன்றைக்கு அந்த மிட்ஃபீல்டர் ஆளில்லாமல் நின்று கை தூக்கியும், இவள் பந்தைத் தூக்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். என் தாளில் அவள் பெயருக்கு நேரே நீளம், நீளம், நீளம் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். எதிரணி அப்போது பெரிதாக நெருக்கக்கூட இல்லை. அவர்கள் நெருக்குவார்கள் என்று இவளாகவே நினைத்துக்கொண்டாள். உங்கள் கோச் சொன்ன 'பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே பாதி தோல்வி' இதுதான். அது உண்மை. ஆனால் அது பெரிய அணியின் மனதில் இருக்கிற விஷயம் இல்லை. எங்கள் பெண்ணின் மனதில் இருந்தது.

அப்புறம் பாதி ஆட்டத்துக்குள்ளாகவே அவர்கள் முன்வரிசை மூன்று பேரையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள். கல்லூரி சாக்கரில் வெளியே போனவர் இரண்டாம் பாதியில் திரும்பி வரலாம், அதனால் பெஞ்ச் பெரிதாக இருக்கிற அணி அலை அலையாக ஆளை இறக்கும். முன்னால் மூன்று பேரை வைத்து மேலே ஏறி நெருக்குகிற ஆட்டத்தை யுஎன்சி இத்தனை வருஷம் ஆட முடிந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம். எங்கள் லெஃப்ட் பேக் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள், சைடுலைனில் மூன்று பேர் பிப்பைக் கழற்றிக்கொண்டு குதித்துக்கொண்டிருக்கிறார்கள். டிவியில் மனவலிமை என்று சொல்வதில் பாதி புதுக் கால்கள்தான். இதையும் யாரும் சொல்வதில்லை.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் சொல்வார்கள். தோழியோடு போட்டி போடத் தயங்குவார்கள், அதை உடைத்ததுதான் டாரன்ஸின் வெற்றி என்று. ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் கதையைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 1983-ல் முதல் வருஷ மாணவியாக வந்து ப்ராக்டிஸில் எல்லாரையும் துவைத்து எடுத்தார். அவரைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள் என்று மற்றவர்கள் கோச்சிடம் போய் நின்றார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அதே ஹைன்ரிக்ஸ்தான் 1991 உலகக் கோப்பை அணியின் கேப்டன். 'பெண்கள் என்றாலே இப்படித்தான்' என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் நம் வீடுகளில் பெண் பிள்ளையிடம் சத்தம் போடாதே, முட்டி மோதாதே என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்? மைதானத்தில் மட்டும் முட்டு என்றால் யாராவது ஒருவர் அதற்குத் தாராளமாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமாக: மனபலம் இருக்கிறது. பட்டியல் அதை உண்டாக்கவில்லை. பட்டியலில் பக்கத்துப் பக்கத்துப் பெயர்களுக்குள் இருந்த தரம் உண்டாக்கியது. 14 வயதுக் குழந்தைகள் 19 பேர் இருக்கிற கிளப்பில் அந்தத் தரம் இருக்க வாய்ப்பில்லை. கோச்சிடம் பேசுங்கள்.

*

கணக்குப்புலி எழுதியது:

அப்படியென்றால் நான் சொன்னதுதானே? நல்ல ஆளைச் சேர்த்தால் ஜெயிக்கலாம். நீங்கள் அதையே நீளமாக எழுதியிருக்கிறீர்கள். :)

*

கிளிப்போர்டு எழுதியது:

இல்லை தம்பி. நல்ல ஆளைச் சேர்த்துவிட்டு ப்ராக்டிஸில் ஒருவரையொருவர் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கிற அணிகளும் உண்டு. ஆள் வேண்டும், அந்த ஆட்களை தினமும் மோதவும் விட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான்.

உங்கள் 11 வருஷக் கணக்குக்குப் பதில் அந்த வருஷங்களில் யார் ஜெயித்தார்கள் என்பதில் இருக்கிறது. ஃப்ளோரிடா ஸ்டேட் 2014, 2018, 2021, 2023. ஸ்டான்ஃபோர்ட் 2017, 2019. யுசிஎல்ஏ 2013, 2022. இந்த இடங்களில் எல்லாம் ப்ராக்டிஸ் இப்போது அந்தத் தரத்தில் நடக்கிறது. யுஎன்சிக்கு மட்டும் இருந்த பழக்கம் நான்கைந்து ஊருக்குப் போய்விட்டது. அந்த 11 வருஷத்தில் அவர்கள் மறைந்தும் போகவில்லை. 2018, 2019, 2022 மூன்றிலும் ஃபைனலில் தோற்றவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று. எதிரணியின் பயம் உடைவதற்கு முதலில் ஒருவர் ஜெயித்துக் காட்ட வேண்டும். 1985-ல் ஜார்ஜ் மேசன் ஃபைனலில் 2-0 என்று ஜெயித்தது. ஆனால் அடுத்த ஒன்பது வருஷமும் பட்டம் யுஎன்சிக்குத்தான் போனது, அதனால் அது ஏதோ ஒரு நாள் நடந்தது என்று ஆகிவிட்டது. 1995-ல்தான் உண்மையான உடைப்பு. அரையிறுதி, சாப்பல் ஹில்லில், அவர்கள் சொந்த ஃபெட்சர் மைதானத்தில். நோட்ர டேம் 1-0. அந்த ஒரு கோலும் யுஎன்சி ஆட்டக்காரி தலையில் பட்டு உள்ளே போன செல்ஃப் கோல். எப்படி வந்தால் என்ன, தோற்கடிக்க முடியும் என்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து ஃப்ளோரிடா ஃபைனலில் 1-0 என்று ஜெயித்தது. 1995-ல் தொடங்கிய அணி, நான்காவது சீசன். அதே சீசனில் முன்னால் யுஎன்சியிடம் தோற்றும் இருந்தார்கள். ஒரு தடவை மோதிப் பார்த்ததால் இரண்டாவது தடவை பஸ்ஸில் இருந்து முழுசாக இறங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

*

சனிக்கிழமை ரெஃப்ரி எழுதியது:

நல்ல பேச்சு. நான் இங்கே சின்னப் பிள்ளைகள் மேட்சுக்கு ரெஃப்ரி பண்ணுகிறவன், கேரியில் ஃபைனல் நடந்தால் தவறாமல் போவேன். பெரிய அணியின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அதற்காக 2022 ஃபைனல், யுஎன்சியும் யுசிஎல்ஏவும் மோதியது.

வேக்மெட் சாக்கர் பார்க், டிசம்பர் 5. யுஎன்சிக்கு இது பக்கத்து ஊர், ஸ்டேடியம் முழுக்க வெளிர்நீலம். ஏவரி பேட்டர்சன் இரண்டு கோல் போட்டார், இரண்டும் இரண்டாம் பாதியில். 2-0. மீதி கால் மணி நேரம்தான். எனக்கு முன்வரிசையில் ஒருவர் போனில் கோப்பை கொடுக்கிற போட்டோவுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரி சாக்கரில் கடிகாரம் இறங்குமுகமாக ஓடும், தெரியும்தானே? 45-ல் இருந்து சைபருக்கு. மற்ற இடங்களில் எத்தனை நிமிடம் பாக்கி என்று ரெஃப்ரிக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். இங்கே ஸ்கோர்போர்டில் நொடி நொடியாக எல்லாருக்கும் தெரியும். ஜெயித்துக்கொண்டிருக்கிற அணிக்கு இது பெரிய சோதனை என்பது என் கட்சி. 80-வது நிமிடத்தில் யுசிஎல்ஏ ஒன்று போட்டது. அதற்கப்புறம் யுஎன்சி பெண்கள் சிலர் பந்து வெளியே போகும்போதெல்லாம் தலையைத் தூக்கி போர்டைப் பார்த்தார்கள். நான் பார்த்தேன். யுசிஎல்ஏ பெண்கள் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வர ஓடினார்கள்.

16 நொடி பாக்கி இருக்கும்போது கார்னர். ரைலின் டர்னர் தலையால் முட்டி 2-2. என் பக்கத்தில் இருந்த பெரியவர் கையில் இருந்த பாப்கார்ன் டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டார். எக்ஸ்ட்ரா டைமில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிகிற பழைய சடன் டெத் விதி அந்த வருஷம்தான் போனது, எக்ஸ்ட்ரா டைம் இரண்டு பத்து நிமிடமும் முழுசாக ஆட வேண்டும். 107-வது நிமிடத்தில் மரிகார்மென் ரேயஸ் போட்டு 3-2. யுசிஎல்ஏ கோச் மார்கரீட் அவோசாசாவுக்கு அங்கே அதுதான் முதல் சீசன்.

இதே மைதானத்தில் 2008 ஃபைனலுக்கும் போயிருந்தேன். அப்போது தோற்காமல் வந்த பெரிய அணி நோட்ர டேம். முதல் நிமிடத்திலேயே கோலும் போட்டுவிட்டார்கள். யுஎன்சி பதறவே இல்லை. கேசி நோகேரா இரண்டாம் பாதியில் ஒன்று சமன் செய்து, 88-வது நிமிடத்தில் இன்னொன்று போட்டு 2-1. கிளிப்போர்டு சொல்கிற 'பின்தங்குவது பழகிய இடம்' அன்றைக்கு அப்படியே தெரிந்தது. முன்னால் நிற்பதுதான் அவர்களுக்குக் கஷ்டமோ என்னமோ. ப்ராக்டிஸில் 2-0 என்று முன்னால் இருந்துகொண்டு பத்து நிமிடம் காப்பாற்றுவதற்கு யாராவது பாயிண்ட் போட்டிருக்கிறார்களா?

2024 ஃபைனலும் கேரிதான். டாரன்ஸ் அந்த ஆகஸ்டில், சீசன் தொடங்கப் போகிற நேரத்தில் ஓய்வு என்று அறிவித்துவிட்டார். 1979-ல் இருந்து இருந்த மனிதர். உதவியாளராக இருந்த டேமன் நஹாஸ் இடைக்கால கோச். வேக் ஃபாரஸ்டோடு 1-0, ஒலிவியா தாமஸ் கோல். மிச்ச நேரம் காப்பாற்றினார்கள். அன்றைக்கும் நான் ஆட்டக்காரிகளின் தலையைத்தான் கவனித்தேன். போர்டை அவ்வளவாகப் பார்க்கவில்லை. இதை வைத்து ஒரு தியரி கட்ட மாட்டேன், கணக்குப்புலி கடித்துவிடுவார்.

*

கணக்குப்புலி எழுதியது:

இரண்டு மேட்சை வைத்துக்கொண்டு தியரியா? கடிக்கிற அளவுக்குக்கூட அதில் சதை இல்லை.

ஆனால் கடிகார விஷயம் நன்றாக இருக்கிறது. அதை யோசித்ததில்லை.

*

மாரிஸ்வில் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கிளிப்போர்டு எழுதியதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, கேட்டால் புரியும். தண்ணீர் கேன் பக்கம் வருகிற இடத்தில் சிரித்தாள்.

அப்புறம் ஒன்று சொன்னாள். அவளுக்கு 16-வது ரேங்க் பிரச்சினை இல்லையாம். ஒருவருக்கு ஒருவர் மோதுகிற டிரில்லில் கோச் எப்போதும் அவளை ஒரே பெண்ணோடுதான் விடுகிறார். அந்தப் பெண் ரைட் விங், பட்டியலில் முதல் இடம். லெஃப்ட் பேக் மேட்சில் ரைட் விங்கைத்தானே பிடிக்க வேண்டும், அதனால் அந்த ஜோடியாம். வாராவாரம் இவள் அவளிடம் தோற்கிறாள், பாயிண்ட் சைபர். "அவ ரொம்ப நல்லா ஆடுவாம்மா, ஆனா எனக்கு வேற யாரோடயாச்சும் ஆடணும்" என்கிறாள்.

இதை எப்படி கோச்சிடம் சொல்வது? அவர் காரணமும் தப்பில்லை போலத் தெரிகிறதே.

*

கிளிப்போர்டு எழுதியது:

அவர் காரணம் சரிதான், கணக்குதான் கோணல். ஒரே ஆளோடு மட்டும் மோதவிட்டால் அந்தப் பாயிண்ட் உங்கள் மகளைப் பற்றி எதுவும் சொல்லாது. எதிரே நின்றவளைப் பற்றித்தான் சொல்லும். ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்தவளாகச் சொல்கிறேன், அந்தப் பட்டியலில் உங்கள் மகள் பெயரைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு கோனை வைத்தாலும் அதே எண்தான் வரும்.

பட்டியலை எடுத்துவிடுங்கள் என்று கேட்காதீர்கள், கோச்சுகளுக்கு அது பிடிக்காது. மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, பத்து மோதலில் இரண்டு மூன்று அந்த ரைட் விங்கோடு இருக்கட்டும், மற்றது பட்டியலில் பக்கத்தில் இருக்கிற பெண்களோடு. இரண்டு, முதல் இடத்துப் பெண்ணைத் தடுத்து நிறுத்தினால், பந்தைப் பிடுங்காவிட்டாலும் வெளியே தள்ளிவிட்டால், பேக்குக்கும் பாயிண்ட் உண்டா? இல்லையென்றால் அந்த டிரில் ஃபார்வர்டுகளுக்காகப் போட்டது. மூன்று, எல்லார் ரேங்கையும் எல்லாருக்கும் காட்டாமல், அவரவர் எண்ணை அவரவருக்கு மட்டும் அனுப்ப முடியுமா? யுஎன்சி பட்டியலில் இருந்தவர்கள் கல்லூரி வயதுப் பெண்கள், பலர் ஸ்காலர்ஷிப்போடு, தெரிந்தே அந்த அணியைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள். 14 வயதுக்கு அது வேறு கணக்கு.

சனிக்கிழமை ரெஃப்ரி கேட்டதற்கும் பதில்: எங்கள் அணியில் முன்னிலையைக் காப்பாற்றுவதற்குப் பாயிண்ட் கிடையாது. போட்டிருக்க வேண்டும்.

*

கணக்குப்புலி எழுதியது:

நான் நாலாவதாக ஒன்று சேர்க்கிறேன். அந்த ரைட் விங் பெண் ப்ராக்டிஸில் யாரிடம் தோற்கிறாள் என்று கோச்சைக் கேளுங்கள். யாரிடமும் இல்லை என்றால் கிளிப்போர்டு சொன்னபடி பாவம் அவள்தான். மூத்த வயது டீமோடு வாரம் ஒரு நாள் அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்க தேசியப் பெண்கள் அணியே பையன்கள் டீமோடு ப்ராக்டிஸ் மேட்ச் ஆடுவதுண்டு.

(ஆமாம், மனபலம் இல்லை என்றுதான் இன்னமும் சொல்கிறேன். இது ப்ராக்டிஸ் பற்றிய யோசனை.)

*

மாரிஸ்வில் அம்மா எழுதியது:

கோச்சுக்கு மெசேஜ் போட்டேன், செவ்வாய்க்கிழமை ப்ராக்டிஸுக்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறார். முதல் மூன்றையும் குறித்துக்கொண்டேன். நாலாவதைக் கொஞ்சம் பக்குவமாகத்தான் கேட்க வேண்டும், அந்த ரைட் விங் பெண்ணின் அம்மாதான் எங்களுக்கு கார்பூல்.